300,000 வெள்ளி வீடு: செந்தூலுக்கு வடக்கே மூன்றாண்டு குடியிருந்தபின் எழுதும் மதிப்பீடு

மாதச் சம்பளத்தை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பம் கோலாலம்பூர் நகர எல்லைக்குள் சொந்த வீடு வாங்க முடியுமா என்று உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ‘ரெசிடென்சி விலாயா’ திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட ஓர் அடுக்குமாடி வீட்டில் 2022ஆம் ஆண்டு மே மாதம் முதல் நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐவரும் குடியிருந்து வருகிறோம். வாங்கும்போது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் குடிவந்தபின் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். கட்டிய மேம்பாட்டாளரின் பெயரையோ கடன் கொடுத்த வங்கியின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. இதே வகை வீட்டை வேறு யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஏறத்தாழ இவைதான்.

கூட்டரசுப் பிரதேசத்தில் 2013இல் ‘ரூமாவிப்’ என்ற பெயரில் தொடங்கப்பட்ட திட்டம்தான் பின்னர் ரெசிடென்சி விலாயா ஆயிற்று. இதில் வீட்டின் விலை 300,000 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்டை) தாண்டக்கூடாது. வாங்கியவர் முதல் பத்தாண்டுகளுக்கு அதை விருப்பம்போல் விற்க முடியாது. இந்தப் பத்தாண்டுத் தடையைக் குறையாகச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் இத்திட்டத்தின் மிக நல்ல விதி அதுதான். வாங்கி விற்று இலாபம் பார்க்க வருபவர்களை அது தொடக்கத்திலேயே விலக்கிவிடுவதால், குடியிருக்க வருபவர்களே பெரும்பாலும் வரிசையில் மிஞ்சுகிறார்கள்.

என் அப்பா செந்தூல் இரயில் பட்டறையில் வேலை செய்தவர். பணிக்காலம் முழுவதும் இரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம்; ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. வேலையோடு சேர்ந்து வந்த வீடு வேலையோடு சேர்ந்தே போய்விடும் என்பதைத் தோட்டத்திலும் இரயில்வேயிலும் வாழ்ந்த நம் முந்தைய தலைமுறை முப்பது ஆண்டுகள் உழைத்த பிறகுதான் உணர்ந்தது. அதன்பின் நாங்கள் நான்கு வாடகை வீடுகள் மாறினோம். ஒவ்வொரு முறையும் சாமிப் படங்களைக் கடைசியாகக் கழற்றி முதலாவதாக மாட்டுவது அம்மாவின் வழக்கம். இந்த மதிப்பீட்டை நான் எந்த மனநிலையில் எழுதுகிறேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சொந்த வீடு என்பதற்காக இதன் குறைகளை நான் மன்னிக்கவில்லை; ஆனால் வீட்டு முதலாளியின் அறிவிப்புக் கடிதத்துக்கு இனி அஞ்ச வேண்டியதில்லை என்ற நிம்மதி என்னிடம் இருக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் அடங்கும் விலையையே வாங்கும் சக்திக்கு உட்பட்ட விலை என்று வீடமைப்பு ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2022இல் கோலாலம்பூர்க் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 10,234 வெள்ளி. அந்தக் கணக்கில் 368,000 வெள்ளி வரை தாங்கலாம் என்பதால், 300,000 என்ற உச்ச வரம்பு தாராளமாகவே தெரியும். ஆனால் இடைநிலை என்றால் பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கின்றன என்றுதான் பொருள். 2018இல் நாங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, கட்டடப் பராமரிப்புத் தொழில்நுட்பராக நான் ஈட்டிய 3,400 வெள்ளியும் கிளினிக்கில் வேலை செய்த என் மனைவி ஈட்டிய 2,100 வெள்ளியும் சேர்ந்து மாதம் 5,500 வெள்ளி வந்தது. எங்கள் ஆண்டு வருமானத்தைப்போல் நாலரை மடங்கு இந்த வீட்டின் விலை. மலிவு வீடு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து வருபவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் சம்பளத்தோடு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்பணம் 10 சதவீதம், அதாவது 30,000 வெள்ளி. ஊழியர் சேம நிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தோம். கொள்முதல் ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் சேம நிதிப் பணம் கிடைக்கும், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே மேம்பாட்டாளருக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்பது பிறகே தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டு மாதங்களை அம்மாவின் நகைகள்தான் தாங்கின. அந்த நகைகள் மீட்கப்பட்டு அவர் கழுத்துக்குத் திரும்பிவிட்டன. ஆனாலும் அடகுக் கடையின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அவர் வளையலைக் கழற்றிய அந்த நிமிடத்தை இந்த வீட்டின் விலையில் சேர்க்காமல் என்னால் கணக்கு முடிக்க முடியவில்லை. இப்போது வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் சந்தாப் பணம் 75, 15, 10 சதவீதமாக மூன்று கணக்குகளுக்குப் பிரிக்கப்படுகிறது. முன்பு இரண்டாம் கணக்குக்கு 30 சதவீதம் சென்றது. இன்று வீட்டுக்காக எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்கு 15 சதவீதமே செல்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய 10 சதவீதத்தை இடையிடையே செலவழித்துவிடும் இளம் தம்பதிகளுக்கு முன்பணம் சேர நாங்கள் காத்திருந்ததைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

மீதி 270,000 வெள்ளியை 35 ஆண்டுக் கடனாக எடுத்தோம். 4.2 சதவீத வட்டியில் மாதத் தவணை 1,228 வெள்ளி. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் (ஓபிஆர்) கால் சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் இந்தத் தவணை ஏறத்தாழ 40 வெள்ளி மாறும். 2020 சூலையில் 1.75 சதவீதமாக இருந்த அந்த விகிதம் 2023 மே மாதத்துக்குள் 3 சதவீதத்துக்கு ஏறியது. குறைந்த வட்டிக் காலத்துத் தவணையைப் பார்த்துக் குடும்பச் செலவைத் திட்டமிட்ட என் நண்பர்கள் சிலர் மிகவும் சிரமப்பட்டார்கள். நாங்கள் 35 ஆண்டுகளும் கட்டினால் மொத்தம் 515,000 வெள்ளிக்கு மேல் கட்டியிருப்போம். ஆகவே தீபாவளி போனஸில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் அசலில் கட்டிவருகிறோம்.

இத்திட்டத்தின் ஆகப் பெரிய மறைமுகச் செலவு காத்திருப்பு. அடுக்குமாடி வீடுகளுக்குச் சட்டம் விதித்துள்ள நிலையான ஒப்பந்தப்படி, கையெழுத்திட்ட நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். கட்டுமானம் ஏற ஏற வங்கி மேம்பாட்டாளருக்குப் பணத்தைப் பகுதி பகுதியாக விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு நாம் வட்டி கட்டிக்கொண்டே, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். 2018 ஆகஸ்டு முதல் 2022 மே வரை, மாதம் 900 வெள்ளி வீதம் 45 மாதங்களுக்கு 40,500 வெள்ளி வாடகை கொடுத்தோம். கட்டுமானக் கால வட்டி ஏறத்தாழ 18,000 வெள்ளி ஆயிற்று. விளம்பரத் தாளில் இந்த இரண்டு தொகைகளும் இல்லை. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எங்கள் வீட்டின் விலை 300,000 அல்ல.

தாமதம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம் மக்களில் பலர் இந்த உரிமையைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தக் காலம் கடந்தால், கொள்முதல் விலையில் ஆண்டுக்கு 10 சதவீத வீதம் நாள்தோறும் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும். 300,000 வெள்ளி வீட்டுக்கு அது ஒரு நாளைக்கு 82 வெள்ளி 19 சென். பெருந்தொற்றுக் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு மாதங்கள் தனிச் சட்டத்தின்படி கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. அதைக் கழித்த பின்னும் எங்களுக்கு நூறு நாள் தாமதம் மிஞ்சியது. சாவியைக் கொடுத்த அன்றே, எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளொன்றை மற்றத் தாள்களோடு நீட்டினார்கள். என் மனைவி ஒவ்வொரு தாளையும் வாசித்துவிட்டு அதை மட்டும் தனியே எடுத்து வைத்தார். பிறகு வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டணம் செலுத்தி மனு கொடுத்தோம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கேட்கலாம். 8,219 வெள்ளி கிடைத்தது. அதே கட்டடத்தில், அதே நாளில் சாவி வாங்கிய பல குடும்பங்கள் அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு ஒன்றும் பெறாமல் போனது எனக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது.

இனி வீட்டைப் பற்றி. 850 சதுர அடி, மூன்று அறைகள், இரண்டு குளியலறைகள், பதினேழாம் மாடி. ஐவருக்கு நெருக்கடிதான், ஆனால் அறைகளின் அமைப்பில் அறிவு தெரிகிறது: நடைபாதைக்கென்று இடம் வீணாக்கவில்லை, மூன்றாவது அறையிலும் சன்னல் இருக்கிறது. சமையலறைதான் குறை. மிளகாய் வறுத்தால் புகை வெளியேற வழியின்றி வரவேற்பறை வரை வருகிறது; துணி காயவைக்கும் சின்ன இடமும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால், காய்ந்த பள்ளிச் சீருடையில் தாளித்த வாசம் ஏறிவிடுகிறது. வீட்டைத் திட்டமிட்டவர்கள் நம் சமையலையோ மலாய்க்காரர்களின் சம்பல் வதக்கலையோ நினைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

குடிவந்த முதல் மாதத்தில் தரையில் ஏழு ஓடுகள் தட்டினால் வெற்றொலி எழுப்பின. பெரிய குளியலறையின் கூரையில் மேல்வீட்டு நீர் கசிந்தது. குறை நிவர்த்திக் காலம் 24 மாதங்கள் என்பதும், எழுத்து மூலம் தெரிவித்தால் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும், செய்யாவிட்டால் நாமே சரிசெய்து செலவை வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் தொகையிலிருந்து கோரலாம் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கின்றன. ஓடுகளை உடனே மாற்றினார்கள். கசிவை மூன்று முறை பூசினார்கள், மூன்று முறையும் மழைக்காலத்தில் திரும்பியது. நான்காம் முறை மேல்வீட்டுக்காரரின் ஒத்துழைப்போடு அவர் தளத்தை உடைத்துச் செய்தபோதுதான் நின்றது. புகைப்படமும் தேதியும் இல்லாமல் வாய்மொழியாக மட்டும் புகார் செய்தவர்களுக்கு 24 மாதங்கள் எப்படிக் கழிந்தன என்றே தெரியவில்லை.

முப்பது மாடி, மாடிக்குப் பன்னிரண்டு வீடுகள், நான்கு மின்தூக்கிகள். நான்கும் ஓடினால் காலை ஆறே முக்காலுக்கு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு நின்றுவிட்டால் பதினொரு நிமிடம். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 20 சென்னாக, அதற்கு மேல் 10 சதவீத ஒதுக்கு நிதியும் சேர்ந்து மாதம் 187 வெள்ளி ஆகிறது. குறைந்த தொகைதான். ஆனால் நூற்றில் முப்பது வீடுகள் கட்டாமல் விட்டால் மின்தூக்கியின் உதிரிப்பாகத்துக்கு எங்கிருந்து பணம் வரும்? கட்டாதவர்களைத் திட்டும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களில் சிலர் வேலை இழந்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். வீடு ஒன்றுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் மட்டுமே கொடுத்திருப்பதால், இரவு பத்து மணிக்கு மேல் சாலை ஓரம் முழுவதும் இரட்டை வரிசையாகிவிடுகிறது.

இவை தவிர, எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத சில தேவைகள் இருக்கின்றன. வாசலில் அம்மா போடும் சிறு கோலத்தைக் கடந்துபோகும்போது எதிர்வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் மிதிக்காமல் தாண்டிச் செல்கிறார்கள். பொங்கலுக்குக் கீழ்த்தளத்தில் அடுப்பு மூட்ட நிர்வாகம் அனுமதிக்கிறது. சென்ற ஆண்டு இருபத்திரண்டாம் மாடியில் குடியிருந்த ஒரு பெரியவர் இறந்தார். சவப்பெட்டி மின்தூக்கியில் கிடைநிலையில் ஏறாது என்று தெரிந்ததும், அவரை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாமல் கீழ்த்தளப் பொதுக்கூடத்திலேயே சடங்குகளைச் செய்தார்கள். முந்நூற்று அறுபது குடும்பங்கள் வாழப்போகும் இடத்தில் பிறப்பும் திருமணமும் சாவும் நடக்கும் என்பதை வரைபடம் போடுபவர் நினைக்க வேண்டும். ஒரு பொதுக்கூடமாவது இருந்ததே என்று அன்று ஆறுதல் கொண்டோம். பக்கத்து அடுக்குமாடியில் அதுவும் இல்லை.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இந்த வீட்டை வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு ஒரே காரணம் இருக்கிறது: கம்போங் பத்து இரயில் நிலையம் பன்னிரண்டு நிமிட நடையில் இருக்கிறது. 2023 மார்ச்சு 16ஆம் தேதி புத்ராஜெயா எம்ஆர்டி தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பின், அங்கிருந்து செந்தூல் பாராட், தித்திவங்சா வழியாக அம்பாங் பார்க்கில் இருக்கும் என் வேலையிடத்துக்கு ஒரே வண்டியில் போய்விடுகிறேன். மாதம் 50 வெள்ளிக்கு மை50 பயண அட்டை போதும்.

இதன் மதிப்பை என் அக்காவின் வீட்டோடு ஒப்பிட்டபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். அக்காவும் அத்தானும் ராவாங்கைத் தாண்டி ஒரு தரைவீடு வாங்கினார்கள். முன்னால் கறிவேப்பிலை மரம், பின்னால் தனி அடுப்படி, பிள்ளைகள் ஓடியாட வாசல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கம் வருவதை மறைக்கவில்லை. ஆனால் இருவருக்கும் வேலை நகரத்தில். வீட்டுத் தவணை 1,350 வெள்ளி, இரண்டு கார்களின் தவணை 1,200, பெட்ரோல் 600, டோல் 180 என மாதம் 3,330 வெள்ளி போகிறது. எங்களுக்கு வீட்டுத் தவணை 1,228, பராமரிப்பு 187, பழைய கார் ஒன்றின் தவணை 480, பெட்ரோல் 200, இரண்டு மை50 அட்டைகள் 100 எனச் சேர்த்து 2,195 வெள்ளி. வித்தியாசம் மாதம் 1,135 வெள்ளி. அது ஒரு பிள்ளையின் டியூஷனும் அம்மாவின் மருந்தும் வீட்டின் மாதச் சாமானில் பெரும்பகுதியும் ஆகும். அத்தான் காலை ஐந்தே காலுக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிறார். வார நாள்களில் தன் கடைக்குட்டியை அவர் விழித்த நிலையில் பார்ப்பதே அரிது என்று அக்கா ஒருநாள் போனில் சொன்னபோது, விலைப்பட்டியலில் தூரத்துக்கு ஒரு தனி வரி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மேம்பாட்டாளர்கள் வீட்டு விலையை மட்டும் அறிவிக்கிறார்கள். வங்கி கடன் தவணைகளை மட்டும் கூட்டிப் பார்க்கிறது. டோலையும் பெட்ரோலையும் பயண நேரத்தையும் குடும்பம் தனியே சுமக்கிறது. மலிவு வீட்டுத் திட்டங்களை அனுமதிக்கும் அதிகாரிகள், நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தையும் விலை வரம்பைப்போல ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்கு இந்த வீடு எட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கட்டடத்தின் பாதுகாவலர் ஒருவரும், துப்புரவு வேலை செய்யும் அவர் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. இருவருக்கும் சேர்த்து 3,400. மூன்று மடங்குக் கணக்கில் அவர்கள் தாங்கக்கூடிய விலை 122,400 வெள்ளி. அந்த விலையில் நகருக்குள் ஒரு வீட்டுக்காக அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாதம் 124 வெள்ளி வாடகையில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் பிபிஆர் வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்கான காத்திருப்போர் பட்டியலில் அவர்கள் பெயர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. தாங்கள் காவல் காக்கும், தாங்கள் பெருக்கும் கட்டடத்தில் தாங்கள் குடியிருக்க முடியாத நிலையை நாம் இயல்பென்று ஏற்றுக்கொள்வது சரியில்லை. வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர்களும், லோரி ஓட்டுநர்களும், தையல் வேலை செய்பவர்களும் சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கியின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்கு அரசு உத்தரவாதம் தரும் எஸ்ஜேகேபி திட்டம் இருப்பதை எத்தனையோ பேர் அறியவில்லை. ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை ஒழுங்காக வைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பார்க்குமாறு என் மனைவியின் தோழி ஒருவருக்குச் சொன்னோம். அவருக்குக் கடன் கிடைத்தது.

இந்த வகை வீட்டை வாங்க நினைப்பவர்கள் மாதிரி வீட்டின் குளிரூட்டிய அறையில் நின்று முடிவெடுக்க வேண்டாம். அதே மேம்பாட்டாளர் முன்பு கட்டிய கட்டடத்துக்கு ஒரு வேலைநாள் காலை ஆறே முக்காலுக்குப் போய் மின்தூக்கியின் முன் நில்லுங்கள். பிறகு மாலை மழையில், குடை பிடித்து, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நிலையத்திலிருந்து கட்டடம் வரை நடந்து பாருங்கள். 2018இல் எம்ஆர்டி தூண்கள் மட்டுமே நின்ற காலத்தில், அறுபது வயதைக் கடந்த என் அம்மா அந்தத் தூரத்தை என்னோடு நடந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, “நடக்கலாம்பா” என்றார். மறுநாள் வளையலைக் கழற்றித் தந்தார்.